பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளிகளில் எது சிறந்தது? பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ச் பிறந்துவிட்டால் தெருவுக்குள் மேளமும் பதாகையுமாகச் சேர்க்கைப் பேரணி வந்துவிடும். காலை உணவு, விலையில்லாப் புத்தகம், சீருடை, திறன்மிகு வகுப்பறை, ஆங்கில வழிப் பிரிவு என்று எல்லாப் பள்ளிகளின் துண்டறிக்கையிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவை அரசுத் திட்டங்கள், பெரும்பாலான பள்ளிகளுக்கும் பொதுவானவை. அதனால் இரண்டு பள்ளிகளை ஒப்பிட அந்தப் பட்டியல் பயன்படாது.

தனியார் பள்ளி என்றால் நான்கு இடம் ஏறி இறங்கி விசாரிக்கும் பெற்றோர், அரசுப் பள்ளி என்றதும் “எல்லாம் ஒன்றுதானே” என்று வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் சேர்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒரே ஒன்றியத்தில், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கலாம். கட்டடத்தால் வரும் வேறுபாடு அதில் கொஞ்சம்தான். எத்தனை ஆசிரியர்கள் உண்மையிலேயே வகுப்பில் நிற்கிறார்கள், எத்தனை ஆண்டுகளாக அதே பள்ளியில் இருக்கிறார்கள் என்பதே பெரும் பகுதி. கீழே சொல்லியிருக்கும் வழிமுறைகளில் முக்கால்வாசி அதைக் கண்டுபிடிக்கத்தான்.

1. எது யாருடைய பள்ளி என்று பட்டியல் போடுங்கள்

வீட்டிலிருந்து பிள்ளை தினமும் போய்வரக்கூடிய எல்லைக்குள் இருக்கும் எல்லாப் பள்ளிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலை வகுப்புகள் 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். அதையே எல்லையாக வைத்துக்கொண்டு தொடங்கலாம். மேல்நிலை வகுப்புக்கு என்றால் பஸ் போகும் தூரம் வரை பாருங்கள்.

பிறகு பெயர்ப்பலகையை நன்றாகப் படியுங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 5ஆம் வகுப்பு வரை, நடுநிலைப் பள்ளியில் 8 வரை. அரசு உயர்நிலைப் பள்ளி பெரும்பாலும் 6 முதல் 10, மேல்நிலைப் பள்ளி 6 முதல் 12. நகரத்தில் மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள் இருக்கும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், பழங்குடியினர் நலப் பள்ளிகள், மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஆகியவையும் அரசுப் பள்ளிகளே. பலர் இவற்றைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை.

கவனமாக இருக்க வேண்டியது ‘அரசு உதவி பெறும் பள்ளி’ விஷயத்தில், அதாவது தனியார் நிர்வாகத்தில் அரசு நிதியுதவியோடு நடக்கும் பள்ளி. ஊரில் பழைய பெயர், பெரிய மைதானம், ஒழுங்கான நிர்வாகம் என்று நல்ல உதவி பெறும் பள்ளிகள் நிறைய உண்டு. ஆனால் சலுகைகள் என்று வரும்போது அது அரசுப் பள்ளி ஆகாது. மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கு வந்த அதே ஒதுக்கீடும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு உரியவை. ஆகவே முதல் வகுப்புக்கு உதவி பெறும் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் இந்த வகையில் இழப்பு இல்லை. ஆறாம் வகுப்பில் அங்கே தொடர்ந்தால் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு வருந்தும் குடும்பங்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

இன்னொரு பொறி: உதவி பெறும் பள்ளி வளாகத்துக்குள்ளேயே சுயநிதிப் பிரிவு நடக்கும். ஆங்கில வழி வகுப்புகள் பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான் இருக்கும். அதற்குக் கட்டணம் உண்டு. உங்கள் பிள்ளை சேரப்போவது உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று வெளிப்படையாகக் கேட்டு, பதிலை உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த பேச்சு.

பயிற்று மொழியையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். தமிழ் வழியில் படித்தோருக்கு மாநில அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2010 சட்டத்தில் 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிப் படிப்பு முழுவதையும் முதல் வகுப்பு முதலே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அரசு வேலைக் கணக்கா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கதவு முதல் வகுப்பிலேயே மூடப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு மூடுவது வேறு, தெரியாமல் மூடுவது வேறு.

2. வீட்டில் உட்கார்ந்தே எடுக்கக்கூடிய எண்கள்

நாட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் ‘யூடைஸ்’ எண் என்று 11 இலக்க எண் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33இல் தொடங்கும். பெரும்பாலும் பள்ளியின் சுவரிலேயே எழுதியிருப்பார்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் யூடைஸ் பிளஸ் இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம் வழியாகவோ இந்த எண் வழியாகவோ தேடினால் பள்ளியின் அறிக்கை அட்டை கிடைக்கும். மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை, நூலகம், மின் இணைப்பு எல்லாம் அதில் இருக்கும்.

இந்த விவரங்களைப் பள்ளியே நிரப்பித் தருகிறது. அதுவும் முந்தைய கல்வியாண்டின் கணக்கு. ‘பயன்பாட்டில் உள்ள கழிப்பறை 4’ என்று இருந்தால் நான்கும் பூட்டாமல் இருக்கின்றன என்று பொருள் இல்லை. ஆகவே வசதிப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிட்டு ஒதுக்கி வையுங்கள், அதை நேரில்தான் சரிபார்க்க முடியும். குறித்துக்கொள்ள வேண்டியவை வகுப்புவாரியான மாணவர் எண்ணிக்கையும் ஆசிரியர் எண்ணிக்கையும். கிடைத்தால் மூன்று ஆண்டுகளுக்கு எடுங்கள்.

வகுப்புவாரி எண்களே ஒரு கதை சொல்லும். ஐந்தாம் வகுப்பில் 24 பேர், முதல் வகுப்பில் 7 பேர் என்றால் அந்தப் பள்ளி சுருங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் புதிதாகத் திறந்த தனியார் பள்ளி அதற்குக் காரணமாக இருக்கலாம், ஊரில் குழந்தைகளே குறைந்திருக்கலாம், ஊர்க்காரர்களுக்குப் பள்ளி மேல் நம்பிக்கை போயிருக்கலாம். எது என்பதைப் பிறகு விசாரிக்க வேண்டும். மாறாக முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டு வந்தால், அண்மையில் யாரோ நல்ல தலைமையாசிரியர் வந்திருக்கிறார் என்று பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அடுத்தது ஆசிரியர்–மாணவர் விகிதம். எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்ளும் எண் இது. சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 மாணவர் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. 150ஐத் தாண்டினால் ஐந்து ஆசிரியர்களோடு தனியாகத் தலைமையாசிரியர்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மாணவர், 2 ஆசிரியர் உள்ள பள்ளியில் விகிதம் 25. 140 மாணவர், 5 ஆசிரியர் உள்ள பள்ளியில் 28. தாளில் பார்த்தால் முதல் பள்ளி மேல். நடப்பில் அது ஈராசிரியர் பள்ளி: ஐந்து வகுப்புகளை இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்த இருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். அவர் ஒன்றிய அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போன நாளில், அல்லது இன்னொருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போன நாளில், ஒரே ஆள் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சமாளிக்க வேண்டும். இரண்டாவது பள்ளியில் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் இருக்கிறார். தொடக்க வகுப்புகளுக்கு ‘ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்’ என்று பார்ப்பதைவிட ‘ஒரு ஆசிரியருக்கு எத்தனை வகுப்பு’ என்று பார்ப்பதே சரியான ஒப்பீடு.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. ஈராசிரியர் பள்ளியிலேயே பத்து ஆண்டுகளாக ஊன்றி நின்று ஒவ்வொரு பிள்ளையின் குடும்ப வரலாற்றையும் அறிந்து வைத்திருக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் இருந்தால் விகிதம், வகுப்பு எல்லாவற்றையும் மறந்துவிட்டு அங்கே சேர்க்கலாம். ஆனால் அவருக்கு ஓய்வு பெற இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடுநிலைப் பிரிவில், அதாவது 6 முதல் 8 வரை, கணிதமும் அறிவியலும் ஒருவர், சமூக அறிவியல் ஒருவர், மொழிப் பாடம் ஒருவர் என்று குறைந்தது மூன்று பாட ஆசிரியர் இருக்க வேண்டும். 35 மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பது விதி.

3. பணியிடம் வேறு, ஆள் வேறு

இதுதான் மொத்த வேலையின் மையம். ஒரு பள்ளிக்கு ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, அதில் நிரப்பப்பட்டவை எத்தனை, நிரப்பப்பட்டவரில் இன்று வகுப்பெடுப்பவர் எத்தனை பேர் என்று மூன்று எண்கள் உண்டு. மூன்றாவது எண்தான் உங்கள் பிள்ளைக்கு வேண்டியது.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இப்போது எந்தெந்தப் பணியிடம் காலி? யாராவது மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறார்களா, அல்லது இங்கே மாற்றுப்பணியில் வந்திருக்கிறார்களா? பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நியமித்த தற்காலிக ஆசிரியர் எந்தப் பாடம் எடுக்கிறார்? ஓவியம், உடற்கல்வி, கணினிக்குப் பகுதிநேர ஆசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? தலைமையாசிரியர் இங்கே வந்து எத்தனை ஆண்டு ஆகிறது, அல்லது பொறுப்புத் தலைமையாசிரியரா?

தற்காலிக ஆசிரியர் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இளம் வயதினர், உள்ளூர்க்காரர், ஆர்வமாகவே நடத்துவார்கள். சிக்கல் என்னவென்றால் நிரந்தர ஆசிரியர் வந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். நடு ஆண்டில் ஆசிரியர் மாறினால் பாதிக்கப்படுவது கணக்கும் ஆங்கிலமும்.

மேல்நிலை வகுப்புக்கு இந்தக் கேள்வி உயிர்நாடி. பள்ளியில் என்னென்ன பாடப்பிரிவு இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கணிதம்–உயிரியல் பிரிவு பெயருக்கு இருக்கும், இயற்பியலுக்கு முதுகலை ஆசிரியர் இருக்க மாட்டார். பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் ஒருவர் வந்து போவார். பாடம் பாடமாக, “இதற்கு ஆசிரியர் யார், எப்போதிருந்து” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியர் தயங்கினால், கேள்வி கேட்பவர் யாரோ என்ற அச்சம்தான் பெரும்பாலும் காரணம். பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். அப்படியும் தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் பற்றி வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பற்றி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு எழுதலாம். ஒன்றியத்தில் உள்ள பல பள்ளிகளின் பணியிட விவரத்தையும் ஒரே மனுவில் கேட்டால் ஒப்பிடுவது எளிது.

4. நேரில் போகும் நாள்

ஆண்டுவிழா நாளில் போகாதீர்கள், சேர்க்கைப் பேரணி நாளிலும் வேண்டாம். வாரத்தின் நடுவில் ஒரு சாதாரணப் புதன்கிழமை, காலை பதினொரு மணிவாக்கில் போய்த் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள், வகுப்பு நடக்கும்போது உள்ளே நுழையாதீர்கள். தாழ்வாரத்தில் நடந்தாலே போதும்.

கரும்பலகையின் மூலையைப் பாருங்கள். தேதி, பாடம், பதிவு, வருகை என்று எழுதியிருப்பார்கள். பதிவு 31, வருகை 29 என்று இருந்தால் சரி. பதிவு 31, வருகை 19 என்று இருந்தால், அன்று ஊரில் திருவிழாவா, கரும்பு வெட்டா என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பதே அங்கே வழக்கம். தேதி மூன்று நாளுக்கு முந்தையதாக இருந்தால் நான் சொல்லவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், பள்ளியை அளக்க இருக்கும் கருவிகளிலேயே மிக நல்லது ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளையின் கணக்கு நோட்டுதான். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் பெற்றோரிடம் பேசினால் மகிழ்ச்சியாகவே காட்டுவார்கள். முதலில் தேதிகளைப் பாருங்கள்: ஜூன், ஜூலையில் அடர்த்தியாக எழுதிவிட்டு நவம்பரில் இரண்டே பக்கம் என்றால் அந்த மாதம் வகுப்பில் யாரும் இல்லை. அடுத்து சிவப்பு மையைப் பாருங்கள். தவறான விடைக்கும் சரிக்குறி போட்டிருக்கிறதா? 403-லிருந்து 178-ஐக் கழித்து 335 என்று பிள்ளை எழுதியிருக்க, பக்கம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பெரிய சரிக்குறியும் கையெழுத்தும் இருந்தால், நோட்டு அதிகாரிகளின் பார்வைக்காகத் திருத்தப்பட்டிருக்கிறது. கடன் வாங்கும் இடத்தில் சின்ன வட்டம் போட்டு, கீழே அதே வகைக் கணக்கு இன்னொன்று கொடுத்திருந்தால் அந்த ஆசிரியரிடம் உங்கள் பிள்ளையை நம்பி விடலாம்.

வாசிப்பையும் அப்படியே சோதிக்கலாம். மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருசிலரிடம், பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் முதலாக வரும் பிள்ளையை விட்டுவிட்டு மற்றவர்களிடம் கேளுங்கள். முதல் மாணவி எந்தப் பள்ளியிலும் வாசிப்பாள், கடைசிப் பெஞ்சு வாசிக்கிறதா என்பதில்தான் பள்ளிகள் வேறுபடுகின்றன. தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வருவதற்காக 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறார்கள். மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் இன்னும் தொடக்க நிலையான அரும்பிலேயே இருக்கிறார்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தடுமாறாமல் எண்ணைச் சொல்லி, யார் யார் என்றும் சொல்பவர் தன் வகுப்பை அறிந்தவர்.

கழிப்பறையை மதிய உணவுக்குப் பிறகு பாருங்கள். காலையில் எல்லாக் கழிப்பறையும் சுத்தமாகத்தான் இருக்கும். தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, பெண் பிள்ளைகளின் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது. சாவி ஆசிரியர் மேசையில் இருந்தால் மாணவிகள் மாலை வரை அடக்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் வருவார்கள்.

திறன்மிகு வகுப்பறைத் திரை, ஆய்வகம், நூலகம் ஆகியவற்றில் நேரம் செலவிடத் தேவையில்லை. நூலகப் புத்தகத்தில் பெயர் எழுதி எடுத்துப்போன பதிவேடு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

கட்டடத்தை ஒரு சுற்று வாருங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு மாநிலம் முழுவதும் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். இடித்த இடத்தில் புதிதாகக் கட்டிவிட்டார்களா, அல்லது இரண்டு வகுப்புகள் இன்னும் ஒரே அறையில் நடக்கின்றனவா என்பது கண்ணில் படும்.

5. நூறு விழுக்காடு தேர்ச்சியை எப்படிப் படிப்பது

மே மாதம் வந்தால் பள்ளி வாசலில் ‘பத்தாம் வகுப்பில் 100% தேர்ச்சி’ என்று பதாகை தொங்கும். அதன் அடியில் ‘தேர்வு எழுதியோர்’ என்ற எண்ணைத் தேடுங்கள். 22 பேர் எழுதி 22 பேர் தேறுவதும் 180 பேர் எழுதி 162 பேர் தேறுவதும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. சிறிய பள்ளியில் ஒருவர் தவறினாலே விழுக்காடு சரியும், ஒருவர் கூடுதலாகத் தேறினால் பதாகை ஏறும். ஒரே ஆண்டைப் பார்க்காமல் மூன்று ஆண்டுகளின் எண்களைக் கூட்டிப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி: இரண்டு ஆண்டுக்கு முன்பு எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை தோல்வி கிடையாது. எட்டில் 60 பேர் இருந்து, பத்தில் 41 பேர் மட்டும் தேர்வு எழுதி, 41 பேரும் தேறியிருந்தால், அந்த 19 பேர் எங்கே? சிலர் ஊர் மாறியிருக்கலாம். சிலரை ஒன்பதிலேயே ‘வேறு பள்ளி பாருங்கள்’ என்று அனுப்பியிருக்கலாம். எட்டாம் வகுப்பு எண்ணை அடிப்படையாக வைத்து நீங்களே விழுக்காடு போட்டுப் பாருங்கள். ஊரில் பேர் வாங்கிய பள்ளி சில நேரம் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிடும். உங்கள் பிள்ளை சராசரியாகப் படிப்பவன் என்றால் அந்த 19 பேரின் கதைதான் உங்களுக்கு முதன்மை.

தேர்ச்சியைவிட நான் நம்பும் அளவுகோல் என்எம்எம்எஸ் தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித் தேர்வு அது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பள்ளியில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் உதவித்தொகை பெற்றார்கள் என்று கேளுங்கள். இதற்குத் தயார் செய்வது ஆசிரியரின் கட்டாய வேலையல்ல. மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார யாரோ ஒருவர் முன்வந்தால்தான் நடக்கும். நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆண்டுதோறும் இரண்டு மூன்று பேர் தேறுகிறார்கள் என்றால், அங்கே அப்படி ஒருவர் இருக்கிறார்.

6. வழி, நேரம், அடுத்த வகுப்பு

கூகுள் வரைபடத்தில் தூரத்தைப் பார்ப்பதைவிட ஒருநாள் காலை எட்டரைக்கு அந்த வழியே நடந்து பாருங்கள். நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டுமா, டாஸ்மாக் கடை இருக்கிறதா, மழைக்காலத்தில் ஓடை நிரம்புமா. பஸ் என்றால் கட்டணமில்லாப் பயண அட்டை கிடைக்கும், ஆனால் பள்ளி விடும் நேரத்தில் பஸ் இருக்கிறதா என்பதே கேள்வி.

தொடக்கப் பள்ளி என்றால் ஐந்து முடித்த பிள்ளைகள் வழக்கமாக எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்றும் கேட்டு, அந்தப் பள்ளியையும் இதே முறையில் பாருங்கள். காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். வேலைக்குச் சீக்கிரம் கிளம்பும் வீட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

7. முடிவெடுப்பது

எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். கூட்டினால் நல்ல மைதானம் காலிப்பணியிடத்தை ஈடுகட்டிவிடும், வாழ்க்கையில் அப்படி ஈடுகட்டாது. முதலில் கழித்துவிடுங்கள்: பாதுகாப்பற்ற வழி, பழுதான கட்டடம், பூட்டிய கழிப்பறை. மீதி இருப்பவற்றில் முதல் வகுப்புக்குச் சேர்ப்பவர்கள் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் உண்டா, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்ற இரண்டை மட்டும் வைத்து முடிவு செய்யலாம். ஆறாம் வகுப்புக்குக் கணித, அறிவியல் ஆசிரியரும், எட்டிலிருந்து பத்துக்கு எத்தனை பேர் போய்ச் சேர்கிறார்கள் என்பதும். பதினொன்றுக்குப் பாட ஆசிரியர் பட்டியல், வேறெதுவும் அதற்கு அடுத்துத்தான்.

இரண்டு பள்ளிகள் சமமாக வந்தால், பள்ளி மேலாண்மைக் குழு உயிரோடு இருக்கும் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். குழுத் தலைவர் யார் என்று வாசலில் நிற்கும் நான்கு தாய்மார்களிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று பேருக்குப் பெயர் தெரிந்திருந்தால் நல்லது.

சேர்க்கையின்போது எட்டாம் வகுப்பு வரை நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது.

சேர்த்ததோடு முடியவில்லை. ஆசிரியர்களின் பொது மாறுதல் கலந்தாய்வு பெரும்பாலும் கோடையை ஒட்டி நடக்கும். ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிட நிர்ணயம் செய்து, உபரி ஆசிரியர்களைப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். மார்ச்சில் நீங்கள் பார்த்து நம்பிய ஆசிரியர் செப்டம்பரில் அங்கே இல்லாமல் போகலாம். மாணவர் எண்ணிக்கை 60, 90, 120 என்ற எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் பள்ளியில் இந்த ஆபத்து அதிகம். இரண்டு மூன்று பிள்ளைகள் குறைந்தாலும் ஒரு பணியிடம் போய்விடும். அதனால் ஆகஸ்டில் இன்னொரு முறை பள்ளிக்குப் போய் யார் வகுப்பெடுக்கிறார்கள் என்று பாருங்கள். நிலைமை அடியோடு மாறிவிட்டால், எட்டாம் வகுப்பு வரை நடு ஆண்டிலும் வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். அது வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது.